ஆறாவது கோர்ட்டின் ஆசான்

2025 மே மாதம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள வேக்கோ நகரில் கல்லூரி அணிகளுக்கான தேசிய டென்னிஸ் இறுதிப் போட்டிகள் நடந்தன. ஆண்கள் பிரிவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம், டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக (டி.சி.யு.) அணியை 4-2 என்று வென்றது. மகளிர் பிரிவில் ஜார்ஜியா பல்கலைக்கழகம், டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 4-0 என்று வீழ்த்தியது. வேக் ஃபாரஸ்ட் அணியில் நம் மதுரைப் பிள்ளை தக்‌ஷிணேஸ்வர் சுரேஷ் இருந்தார். அடுத்த நான்கே மாதத்தில் அவர் டேவிஸ் கோப்பையில் முதன்முறையாக இந்தியாவுக்கு ஆட இறங்கினார். சுவிட்சர்லாந்தின் ஜெரோம் கிம்மை அவருடைய சொந்த நாட்டிலேயே வைத்துத் தோற்கடித்தார்.

வேக்கோவில் கோப்பை வாங்கிய இரண்டு தலைமைப் பயிற்சியாளர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே உதவிப் பயிற்சியாளராக இருந்து உயர்ந்தவர்கள். வேக் ஃபாரஸ்ட்டின் டோனி பிரெஸ்கி, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பிரையன் போலண்டின் கீழ்ப் பல ஆண்டுகள் துணையாக இருந்தவர். சென்னையில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வர்ஜீனியாவுக்குப் போன சோம்தேவ் தேவ்வர்மன், 2007, 2008 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் கல்லூரி ஒற்றையர் பட்டத்தை வென்றாரே, அது அந்தக் காலகட்டத்தில்தான். ஜார்ஜியா மகளிர் அணியின் டிரேக் பெர்ன்ஸ்டைன், அதே பல்கலைக்கழகத்தில் ஆடி, ஜெஃப் வாலஸிடம் உதவிப் பயிற்சியாளராக வேலை கற்றவர். வாலஸ் ஓய்வு பெற்றதும் 2023-இல் பொறுப்புக்கு வந்தார். இரண்டாவது பருவத்திலேயே கோப்பை.

இந்த 'உதவிப் பயிற்சியாளர்' என்ற உத்தியோகத்தைப் பற்றி நம் ஊரில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அங்கேயே கூட அதிகம் பேசுவதில்லை. ஆனால் அமெரிக்கக் கல்லூரி டென்னிஸைத் தாங்கி நிற்பவர்கள் அவர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் புரிய வேண்டுமானால் ஆட்ட முறை தெரிய வேண்டும். இரண்டு கல்லூரிகள் மோதும்போது முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு செட். மூன்றில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஆறு கோர்ட்டில், மறுபடியும் ஒரே நேரத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் ஏழில் நான்கை முதலில் எடுக்கும் அணி வெல்லும். முதல் கோர்ட்டில் ஆடும் நட்சத்திரம் வென்றாலும் ஒரு புள்ளிதான். ஆறாவது கோர்ட்டில் பெயர் தெரியாத முதலாமாண்டு மாணவன் வென்றாலும் அதே ஒரு புள்ளிதான்.

தலைமைப் பயிற்சியாளர் ஒருவரால் ஆறு கோர்ட்டையும் பார்க்க முடியாது. அதனால் கோர்ட்டுகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். பல அணிகளில் நான்கு, ஐந்து, ஆறு உதவிப் பயிற்சியாளரின் பங்குக்கு வந்து சேரும். கல்லூரி டென்னிஸில் ஆட்டம் நடக்கும்போதே பயிற்சியாளர் கோர்ட்டுக்குள் வந்து பேசலாம். ஆண்களின் தொழில்முறைத் தொடரில் ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் யோசனை சொல்வதையே 2022-இல்தான் தயங்கித் தயங்கி அனுமதித்தார்கள். கல்லூரியில் அது காலங்காலமாக இருக்கிறது.

ஆறாவது கோர்ட்டில் மூன்றாவது செட், நான்குக்கு நான்கு, டியூஸ் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி விதிப்படி அட்வான்டேஜ் கிடையாது. அடுத்த ஒரு பாயின்ட்டில் கேம் முடிந்துவிடும். செர்வை எந்தப் பக்கம் வாங்குவது என்று ரிட்டர்ன் ஆடுபவன் தீர்மானிக்க வேண்டும். பையன் வேலியோரம் திரும்பிப் பார்க்கிறான். எதிராளி அழுத்தம் வந்தால் இரண்டாவது செர்வை உடம்புக்கே போடுகிறான் என்பதை உதவிப் பயிற்சியாளர் ஒரு மணி நேரமாகக் கவனித்துக் குறித்திருக்கிறார். ஆனால் அதையெல்லாம் விளக்க நேரமில்லை. பத்தொன்பது வயதுப் பையன், பக்கத்து ஐந்து கோர்ட்டிலும் கூச்சல், கை நடுங்குகிறது. அவனுக்கு அப்போது வேண்டியது இரண்டே சொற்கள். எந்த இரண்டு சொற்கள் என்பது பையனுக்குப் பையன் மாறும். ஒருவனை அதட்டினால் நிமிர்வான், இன்னொருவன் சுருங்கிவிடுவான். அதைத் தெரிந்து வைத்திருப்பவர், தினமும் காலையில் கூடை நிறையப் பந்தோடு அவனுக்கு எதிரே நின்று பந்து போட்டுப் பழக்கியவர்தான்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. வேறொரு கோர்ட்டில் நான்காவது புள்ளி விழுந்துவிட்டால் அணியின் வெற்றி உறுதியாகிவிடும். தேசியப் போட்டிகளில் மீதி ஆட்டங்களை அந்த நொடியே நிறுத்திவிடுவார்கள். இரண்டரை மணி நேரம் போராடிய ஆறாவது கோர்ட் ஆட்டத்துக்கு முடிவு என்று எதுவும் பதிவாகாது. 'முடிக்கப்படவில்லை' என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். எல்லாரும் வென்றவனைத் தூக்கிக் கொண்டாட ஓடும்போது, அந்தப் பையனின் தோளில் கை போட்டு அழைத்து வருபவரும் உதவிப் பயிற்சியாளர்தான்.

கோர்ட்டுக்கு வெளியே வேலை இன்னும் அதிகம். வெளியூர் ஆட்டத்துக்கு வேன், விடுதி, சாப்பாடு ஏற்பாடு செய்ய வேண்டும். பல இடங்களில் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடுவதும் இவர் தலையில்தான். மாணவர்களுக்கு வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கொடுக்கக் கூடாது என்று தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அதற்கும் கணக்கு எழுத வேண்டும். யார் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஆள் சேர்ப்பது. ஆண்கள் பிரிவின் முதல்தர அணிகளில் ஆடுபவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பிள்ளைகள். எந்த நாட்டு ஜூனியர் போட்டியில் யார் எப்படி ஆடுகிறார்கள் என்று காணொளி பார்த்து, பெற்றோரிடம் பேசி, நேர வித்தியாசம் பார்க்காமல் நள்ளிரவில் பதில் சொல்பவர் பெரும்பாலும் உதவிப் பயிற்சியாளர். ஆண்கள் அணிக்கு நெடுங்காலம் மொத்தமே நாலரை உதவித்தொகைதான், மகளிருக்கு எட்டு. அந்த நாலரையை எட்டு பத்துப் பேருக்குப் பங்கு போட்டு, யாருக்கும் மனக்கசப்பு வராமல் அணி கட்டினார்கள். மாணவ விளையாட்டு வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த வழக்கில் 2025-இல் நீதிமன்றம் ஏற்ற சமரச ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், அணிக்குப் பத்து பேர் என்ற கணக்கு வந்திருக்கிறது. இன்னொரு பக்கம், சேர்த்த பிள்ளை அடுத்த ஆண்டே வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளவும் இப்போது தடையில்லை. ஆகவே ஆள் சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை. ஆண்டுதோறும் அவர்களைத் தக்கவைக்கவும் வேண்டும்.

இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன? நீண்ட காலம் 'தன்னார்வப் பயிற்சியாளர்' என்று ஒரு வகை இருந்தது. வேலை முழு நேரம், கல்லூரிச் சம்பளம் பூஜ்யம். கோடைக்காலப் பயிற்சி முகாமிலும் தனி வகுப்பிலும் வந்த காசில் வாழ்க்கையை ஓட்டினார்கள். 2023 ஜூலையில்தான் என்.சி.ஏ.ஏ. அந்த வகையை ஒழித்தது. ஒரு மனிதரின் முழு உழைப்பையும் 'ஆர்வம்' என்று பெயரிட்டு வாங்கிக்கொண்டது அநியாயம். அது போனது நல்லது. ஆனாலும் வேலைக்கு முழு உத்தரவாதம் வந்துவிடவில்லை. தலைமைப் பயிற்சியாளர் மாறினால் உதவியாளரும் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். அணியையே மூடிவிடுவதும் நடக்கிறது. கொரோனா காலத்தில் அயோவா, மின்னசோட்டா போன்ற பெரிய பல்கலைக்கழகங்களே ஆண்கள் டென்னிஸ் அணியைக் கலைத்துவிட்டன.

இத்தனைக்கும் நடுவில் சிலர் ஒரே இடத்தில் நிலைத்து நின்று காட்டியிருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் மகளிர் அணியின் கதையைச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுத முடியாது. ஃபிராங்க் பிரென்னன் அங்கே பத்து தேசியப் பட்டங்களை வென்றவர். அவரிடம் பத்தாண்டுக்கும் மேல் துணையாக இருந்தவர் லெலே ஃபொரூட். 2000-இல் பிரென்னன் விலக, ஃபொரூட் தலைமை ஏற்றார். அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தவர், பிரென்னனின் மகன் ஃபிராங்கி. தந்தையின் சிஷ்யையிடம் மகன் உதவியாளர்! இருவரும் சேர்ந்து 2001 முதல் 2019 வரை இன்னும் பத்து பட்டங்களைக் கொண்டுவந்தார்கள். 2024-இல் ஃபொரூட் ஓய்வு பெற்றபோது பொறுப்பு ஃபிராங்கியின் கைக்கு வந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் மூன்றே தலைமைப் பயிற்சியாளர்கள். அதில் இருவர் உதவியாளர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவர்கள். அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணியில் 17 பட்டங்கள் வென்ற டிக் கூல்டுக்குப் பின் 2004-இல் வந்த ஜான் விட்லிங்கரும், நெடுங்காலம் அவருக்குத் துணையாக இருந்தவரே.

ஃபிராங்கி நினைத்திருந்தால் எப்போதோ வேறு கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போயிருக்கலாம் என்று தோன்றும். இருபது ஆண்டுக்கும் மேல் இரண்டாம் இடத்தில் இருந்ததைக் காத்திருப்பு என்று நான் எண்ணவில்லை. அதுவே ஒரு முழுத் தொழில். அதிலேயே ஒருவர் உச்சம் தொட முடியும். கல்லூரி டென்னிஸ் சங்கமான ஐ.டி.ஏ. ஆண்டுதோறும் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்குத் தனி விருது வைத்திருப்பதும் அதனால்தான்.

நம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரு உடற்கல்வி இயக்குநர்தான் கபடி முதல் கால்பந்து வரை எல்லாவற்றையும் கவனிக்கிறார். டென்னிஸுக்கென்று ஒரு பயிற்சியாளர், அவருக்குத் துணையாக இன்னொருவர் என்பது எட்டாத கனவாகவே இருக்கிறது. பல்கலைக்கழக அளவில் ஆடிவிட்டு இருபத்திரண்டு வயதில் ராக்கெட்டைப் பரணில் போடும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் பத்தில் ஒருவருக்காவது இப்படியொரு வேலை கிடைத்தால், கற்ற வித்தை அடுத்த தலைமுறைக்குப் போகும். வசதியுள்ள தனியார் பல்கலைக்கழகங்களாவது இதைத் தொடங்கி வைக்க வேண்டும்.

பிள்ளையை அமெரிக்கக் கல்லூரிக்கு ஆட அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கல்லூரியின் தரவரிசையையும் தலைமைப் பயிற்சியாளரின் பெயரையும் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உதவிப் பயிற்சியாளர் யார், எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார், முன்பு யாரையெல்லாம் வளர்த்திருக்கிறார் என்று கேளுங்கள். அவரோடு உங்கள் பிள்ளையைப் பேசவிடுங்கள். நான்கு ஆண்டுகள் உங்கள் பிள்ளையோடு அதிக நேரம் இருக்கப்போகிறவர் அவர்தான்.