மூக்கு ஏன் கோணலாகத் தெரிகிறது?

பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் வேனில்தான் இந்தப் பேச்சு கிளம்பும். "பிள்ளை மூக்கும் முழியுமாத்தான் இருக்கு. ஆனா மூக்கு லேசாக் கோணின மாதிரி இல்ல?" அருப்புக்கோட்டைப் பக்கம் வளர்ந்தவர் என்றால் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த வேனில் இருந்த ஒருவர் மூக்காவது நூல் பிடித்த மாதிரி நேராக இருந்திருக்குமா என்றால், சந்தேகம்தான்.

யாருக்குமே நேராக இருக்காதா? கிட்டத்தட்ட அப்படித்தான். முகத்தின் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு புருவம் சற்று ஏறியிருக்கும், ஒரு கன்னம் உப்பியிருக்கும். நட்டநடுவில் நிற்பதால் பழி மூக்கின் மேல் விழுகிறது.

போனில் எடுத்தால் மட்டும் கோணுகிறதே? கண்ணாடியில் நீங்கள் பழகிய முகம் இடவலம் மாறியது. படத்தில் சாய்வு எதிர்ப்பக்கம் போவதால் கண்ணுக்குப் பெரிதாகப் படும். செல்ஃபியில் இன்னொரு கோளாறும் உண்டு. ஓரடி தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்தடி தூரத்துப் படத்தைவிட மூக்கின் அடிப்பாகம் ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஐந்தடி தள்ளி நின்று வேறொருவரை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேரின் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, நிஜமாகவே வளைந்திருந்தால்? மூக்கைத் தொட்டுப் பாருங்கள். மேலே கெட்டியாக இருப்பது எலும்பு. அதற்குக் கீழே வளைந்து கொடுப்பதெல்லாம் குருத்தெலும்பு. உள்ளே இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் செப்டம் (நடுச்சுவர்) ஒன்று உண்டு. 'மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கு' என்று டாக்டர் சொல்வது இதைத்தான். வெளியே நேராக இருக்கும் மூக்கிலும் இந்தச் சுவர் வளைந்திருக்கலாம்.

அடிபட்ட ஞாபகமே இல்லை என்பீர்கள். பிரசவத்தில் நசுங்கியிருக்கலாம். தவழும் வயதில் திண்ணையிலிருந்து விழுந்திருக்கலாம். அந்தச் சின்னப் பிசகு மூக்கு வளர வளரத் தானும் வளர்ந்து, மீசை முளைக்கும் வயதில்தான் கண்ணில் படும். பெரியவர்களுக்கென்றால் கபடியில் பட்ட முழங்கை, பால் கறக்கையில் மாடு தலையை உதறிய உதறு, தலைக்கவசம் இல்லாமல் வண்டியிலிருந்து விழுந்ததில் பட்ட அடி. மில்லுப் பஞ்சும் கரிசல் புழுதியும் மூக்கை அடைக்கும்; வளைக்காது.

பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டி மூக்கை நீவிவிடுகிறாரே, அது நேராக்காதா? நேராக்காது. பிறந்தபோது அமுங்கிய மூக்கு பெரும்பாலும் சில நாளில் தானே எழும்பும், பெயர் பாட்டிக்குப் போகும். நீவுவதோடு விட்டால் பரவாயில்லை. மூக்கில் எண்ணெய் மட்டும் விட வேண்டாம். அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா (நுரையீரல் அழற்சி) வரலாம். பிள்ளை மூச்சுவிடவோ பால் குடிக்கவோ திணறினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூக்குத்தியாலும் கோணலாம். குத்திய இடம் சீழ் பிடித்து, சிவந்து, தொட்டால் உயிர் போகிறது என்றால் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். குருத்தெலும்பு அரிபட்டால் அந்தப் பக்க மடல் சுருங்கி, மூக்கே சாய்ந்த மாதிரி ஆகிவிடும்.

இனி முக்கியமான கேள்வி: இன்றைக்கு அடிபட்டால் என்ன செய்வது?

ரத்தம் வந்தால் அண்ணாந்து படுக்காதீர்கள். முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். மூச்சை வாயால் விடுங்கள். சித்திரை வெயிலில் சில்லு மூக்கு உடைந்தாலும் இதே வைத்தியம்தான்.

பிறகு டார்ச் அடித்துத் துவாரத்துக்குள் பாருங்கள். நடுச்சுவரில் நாவல்பழம் மாதிரி மெத்தென்று வீங்கி மூச்சு அடைத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்திய சவ்விலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. இடையில் ரத்தம் தேங்கினால் மூன்று நான்கு நாளில் குருத்தெலும்பு செத்து, மூக்கு நடுவில் குழிந்துவிடும். கீறி ரத்தத்தை வடித்தால் தப்பிக்கும். வெளியே பத்துப் போட்டுக் கட்டும் கட்டுக்காரரால் இதைச் செய்ய முடியாது. அடிபட்டபின் மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி தெளிவாகச் சொட்டினாலும் உடனே கிளம்புங்கள். அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம்.

வீக்கம் வற்றட்டும், பிறகு பார்க்கலாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். வற்ற நான்கைந்து நாள் ஆகும், அது சரிதான். ஆனால் நகர்ந்த எலும்பைக் கையால் தள்ளி நிமிர்த்தப் பெரியவர்களுக்கு இரண்டு வாரம், குழந்தைகளுக்கு ஒரு வாரம்தான் அவகாசம். அதற்குள் கூடிவிட்டால் பிறகு அறுவைதான். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். அடுத்த கட்டத்துக்கு மதுரை இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

பழைய கோணல் என்றால் அறுவை வேண்டுமா? மூச்சுக்குத் தடை இல்லையென்றால் வேண்டியதில்லை என்பேன். ஒரு பக்கம் அடைப்பதெல்லாம் வளைவு அல்ல. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு துவாரம் லேசாகச் சுருங்கி மற்றது திறப்பது இயல்பு. நம்மூரில் சரம் (மூச்சோட்டம்) பார்ப்பவர்கள் காலங்காலமாகச் சொன்னதுதான். அதையே 1895-இல் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதி வைத்தார். எப்போதும் ஒரே பக்கம் அடைத்தால்தான் காட்ட வேண்டும். சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், பருத்திக்கொட்டையோ பாசிமணியோ உள்ளே கிடக்கக்கூடும். நீங்களே தோண்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நேற்றுவரை நேராக இருந்த முகம் இன்று காலையில் வாயும் மூக்குமாக ஒரு பக்கம் இழுத்திருந்தால், கோளாறு மூக்கில் இல்லை, நரம்பிலோ மூளையிலோ. கூடவே கை சோர்ந்து பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரைக்கு இன்னும் 50. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். முகம் கோணியது எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.