மறதிநோய்க் குறியீட்டில் ‘லேசான’ என்னும் சொல்

அமெரிக்க மருத்துவமனைகள் பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம் நோய்க் குறியீட்டு முறையில், டிமென்சியா எனப்படும் மறதிநோயின் தீவிரத்தைச் சுட்டும் குறியீடுகள் 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. வகை குறிப்பிடப்படாத, நடத்தைக் கோளாறு முதலிய சிக்கல்களற்ற லேசான மறதிநோய்க்கு எஃப்03.ஏ0 இடப்படும், தீவிரத்தை மருத்துவர் எழுதாவிடில் அதுவே எஃப்03.90 ஆகிவிடும். நினைவுத்திறன் தேர்வின் மதிப்பெண் கோப்பில் இருப்பினும், அதைக்கொண்டு குறியீட்டாளர் தாமே தீவிரத்தை முடிவுசெய்தல் ஆகாது. மருத்துவரின் பதிவே அடிப்படையாகும்.

இதனினும் இடர்ப்பாடுடையது ஜி31.84 என்னும் குறியீட்டுக்குரிய ‘லேசான அறிதிறன் குறைபாடு’. அது மறதிநோயன்று, அந்நிலையிலுள்ளோர் அன்றாட வாழ்வைப் பெரும்பாலும் தாமே நடத்திக்கொள்வர். வரவுசெலவு பார்த்தல், வேளைக்கு மருந்துண்ணல் போன்றவற்றில் பிறர் துணை தேவைப்படத் தொடங்குவது லேசான மறதிநோய். ‘லேசான நினைவுக் குறைவு’ என்று மட்டும் அமைந்த குறிப்பு இவ்விரண்டனுள் எதையும் உறுதிப்படுத்தாது. அப்போது குறியீட்டாளர் மருத்துவரிடம் வினவித் தெளிதல் வேண்டும். இல்லையேல் மறதிநோய் இல்லாதவர்மீதும் அப்பெயர் பதிவேட்டில் நிலைத்துவிடக்கூடும்.