வானில் ஏற்றிவிடலாம், மண்ணில் இறக்க உரிமம் வேண்டும்

செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்ப ராக்கெட் இருந்தால் போதும். அதன் சிக்னலை இன்னொரு நாட்டு மண்ணில் இறக்க, அந்த நாட்டு அரசு கொடுக்கும் உரிமம் வேண்டும். பன்னாட்டுச் செயற்கைக்கோள் தொடர்பின் அறுபதாண்டு வரலாற்றில் பெரிய சண்டைகள் எல்லாம் இந்த இரண்டாவது வேலையில்தான் நடந்தன. செயற்கைக்கோள் இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2021இல் இந்தியாவில் முன்பதிவு தொடங்கியதும், உரிமம் இல்லாமல் பணம் வாங்கக் கூடாது என்று மத்திய அரசு தடுத்ததும், வாங்கிய முன்பணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்ததும் அந்தச் சண்டையின் புதிய அத்தியாயம் மட்டுமே.

பழைய அத்தியாயங்களில் சுவையானது ரெனே அன்செல்மோவின் கதை. அமெரிக்காவில் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சி வலையமைப்பை நடத்தியவர் அவர். 1984இல் பான்ஆம்சாட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கண்டம் விட்டுக் கண்டம் சிக்னல் அனுப்பும் தனியார் செயற்கைக்கோள் ஒன்றைச் சொந்தமாக நிறுத்துவது திட்டம். 1988 ஜூன் 15 அன்று, ஏரியான்-4 ராக்கெட்டின் முதல் பயணத்திலேயே அவருடைய செயற்கைக்கோள் ஏறியது. புது ராக்கெட்டை நம்பிச் சொத்தை ஏற்றிவிட்ட துணிச்சலை விடுங்கள். உலக நாடுகளில் முதலில் அவருக்குக் கதவு திறந்தது பெரு மட்டும்தான். மற்ற அரசுகளிடம் ஒவ்வொன்றாகப் போய் நிற்க வேண்டியிருந்தது. கோபம் தாளாமல், ஸ்பாட் என்ற தன் நாயைக் கேலிச்சித்திரமாக்கிப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். அதிகாரவர்க்கத்தைப் பார்த்துக் காலைத் தூக்கும் நாய் அது. தொலைத்தொடர்புக் கொள்கை விவாதத்தில் அவ்வளவு கலகலப்பு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

கதவுகள் ஏன் சாத்தியிருந்தன? விடை 1962இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலையில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. ஆகஸ்ட் கடைசியில் செயற்கைக்கோள் தொடர்புச் சட்டத்தில் அதிபர் கென்னடி கையெழுத்திட்டார். இடையில் செனட்டில் பெரிய ரகளை. மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த விண்வெளித் தொழில்நுட்பத்தைத் தனியாருக்குத் தாரை வார்ப்பதா என்று சில உறுப்பினர்கள் பேசிப் பேசியே மசோதாவை இழுத்தடித்தார்கள். விவாதத்தை முடித்துவைக்கும் தீர்மானத்தை 1927க்குப் பிறகு செனட் முதன்முறையாக நிறைவேற்றியது அப்போதுதான். சட்டத்தின் விளைவாகப் பிறந்த காம்சாட் நிறுவனம், அரசு வேண்டுமா தனியார் வேண்டுமா என்ற கேள்விக்கு இரண்டுமாக விடை சொன்னது. பங்குகளில் பாதி பொதுமக்களிடம், பாதி தொலைபேசி நிறுவனங்களிடம். அமெரிக்காவின் பன்னாட்டுச் செயற்கைக்கோள் வணிகத்துக்கு அது மட்டுமே வாசல்.

1964 ஆகஸ்ட் 20 அன்று 11 நாடுகள் சேர்ந்து இன்டெல்சாட் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. அதில் பெரும் பங்கு காம்சாட்டிடம் இருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஏறிய அதன் முதல் செயற்கைக்கோள் ஏர்லி பேர்ட், 240 தொலைபேசிச் சுற்றுகளைத் தாங்கியது. 1973இல் நிரந்தர ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது அமைப்பு இப்படி இருந்தது: அரசுகள் உறுப்பினர்கள், ஒவ்வொரு அரசும் நியமிக்கும் தொலைத்தொடர்புத் துறையோ நிறுவனமோ முதலீட்டாளர். யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்களோ அவ்வளவு பங்கு. இந்தியாவின் சார்பில் முதலில் வெளிநாட்டுத் தொடர்புச் சேவைத் துறையும், 1986 முதல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல்லும் பங்குதாரர். மகாராஷ்டிரத்தின் ஆர்வியில் இருந்த தரைநிலையம் வழியாக வெளிநாட்டுப் பேச்சுகள் மேலே போய் வந்தன.

இந்த அமைப்பைக் கொச்சையாகத் திட்டுவது எளிது. அதன் நல்ல பக்கம் ஒன்று உண்டு. இன்று அது மறந்துபோனது. நியூயார்க்-லண்டன் பாதையில் அழைப்புகள் அடைமழை. ஏதோ ஒரு பசிபிக் தீவுக்கோ ஆப்பிரிக்கத் தலைநகருக்கோ நாளைக்குச் சில அழைப்புகள்தான். செலவுக் கணக்குப்படி பார்த்தால் இரண்டாவது பாதைக்கு விலை பல மடங்கு இருக்க வேண்டும். இன்டெல்சாட் இரண்டுக்கும் ஒரே கட்டணம் வைத்தது. பணக்காரப் பாதையின் வருவாய் ஏழைப் பாதையைத் தாங்கியது. போட்டியை அனுமதித்தால் தனியார்கள் பாலாடையை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று இன்டெல்சாட் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்த நியாயத்தின் நிழலில் வேறொன்றும் வளர்ந்தது. பெரும்பாலான நாடுகளில் இன்டெல்சாட்டின் பங்குதாரரே உள்நாட்டுத் தொலைபேசியையும் நடத்தியது. வெளியார் உள்ளே வரலாமா என்று முடிவு செய்வதும் அதுவோ அதன் தாய் அமைச்சகமோதான். ஊருக்கு ஒரே பஸ் வைத்திருப்பவரே ஆர்டிஓவாகவும் இருந்தால் இரண்டாவது பஸ்ஸுக்கு பெர்மிட் கிடைக்குமா? போதாததற்கு, உறுப்பு நாடு ஒன்று தனியாகப் பன்னாட்டுச் செயற்கைக்கோள் வைக்க விரும்பினால், அதனால் இன்டெல்சாட்டுக்குக் கணிசமான பொருளாதாரப் பாதிப்பு வருமா என்று இன்டெல்சாட்டிடமே கலந்தாலோசிக்க வேண்டும் என ஒப்பந்தத்தின் 14ஆம் பிரிவு சொன்னது. அரசுகளுக்கிடையேயான அமைப்பு என்பதால் அதன் மீது ஏகபோக வழக்குப் போடவும் முடியாது, வரியும் கிடையாது.

அந்தப் பூட்டு நம் ஊரில் எப்படி வேலை செய்தது என்பதை 1993 நவம்பரில் ஹீரோ கோப்பை கிரிக்கெட் காட்டியது. வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது. தூர்தர்ஷன் மல்லுக்கு நின்றது. சிக்னலை மேலே அனுப்ப விஎஸ்என்எல்லை விட்டால் வழியில்லை. அந்த அனுமதி இழுபறியானது. கேமராக்களும் கருவிகளும் சுங்கத்தில் மாட்டிக்கொண்டன. நீதிமன்றம் தலையிட்ட பிறகே ஆட்டம் உலகுக்குப் போனது. 1995இல் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில்தான், அலைக்கற்றை பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்றது.

பூட்டைத் திறக்கும் முதல் முயற்சி அதைப் போட்ட வாஷிங்டனிலிருந்தே வந்தது. இன்டெல்சாட்டுக்கு வெளியே தனிச் செயற்கைக்கோள்கள் தேசநலனுக்குத் தேவை என்று 1984 நவம்பரில் அதிபர் ரீகன் அறிவித்தார். மறு ஆண்டு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதிகளை வகுத்தது. அதிலும் ஒரு கடிவாளம்: தனியார் செயற்கைக்கோள்கள் பொதுத் தொலைபேசி வலையமைப்போடு இணையக் கூடாது. தொலைக்காட்சியும் நிறுவனங்களின் உள்தொடர்பும் மட்டும் போதும். இன்டெல்சாட்டின் வயிற்றுப்பாடு தொலைபேசி என்பதால் இந்தச் சலுகை. ஆனால் அன்செல்மோ ஏவிய அதே 1988ஆம் ஆண்டின் டிசம்பரில், அட்லாண்டிக்கின் அடியில் முதல் கண்ணாடி இழைக் கேபிள் டிஏடி-8 வேலைக்கு வந்தது. 40,000 அழைப்புகளை ஒரே நேரத்தில் தாங்கியது. பணக்காரப் பாதை வானத்தை விட்டுக் கடலுக்குப் போகத் தொடங்கியது. ஏழைப் பாதையைத் தாங்கிய ஏற்பாட்டைச் சாய்த்ததில் சந்தைச் சீர்திருத்தக்காரர்களைவிட இந்தக் கேபிளுக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

1997 பிப்ரவரியில் உலக வர்த்தக அமைப்பில் 69 அரசுகள் தொலைத்தொடர்புச் சந்தையைத் திறக்க வாக்குறுதி கொடுத்தன. கடலில் கப்பல்களுக்குச் சேவை தந்த சகோதர அமைப்பு இன்மார்சாட் 1999இல் தனியாரானது. இன்டெல்சாட்டைத் தள்ளியது அமெரிக்க நாடாளுமன்றம். 2000 மார்ச் 17 அன்று கிளின்டன் கையெழுத்திட்ட ஆர்பிட் சட்டம், இன்டெல்சாட் தனியாராக வேண்டும், விலக்குரிமைகளை விட வேண்டும், பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க வேண்டும் என்றது. ஒரு நாட்டின் சட்டம் 140க்கும் மேற்பட்ட நாடுகளின் ஒப்பந்த அமைப்பை எப்படி வளைக்கும்? பழைய ஆயுதம்தான். வளைந்து கொடுக்காவிட்டால் அமெரிக்கச் சந்தையில் புதிய சேவைகளுக்கு உரிமம் கிடையாது. ஏகபோகத்தைக் காத்ததும் உரிமம், உடைத்ததும் உரிமம்.

2001 ஜூலை 18 அன்று இன்டெல்சாட் தனியார் நிறுவனமானது. சில செயற்கைக்கோள்கள் அதற்கு முன்பே நியூ ஸ்கைஸ் என்ற நிறுவனமாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அதன் பிறகு நடந்ததைச் சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் கெடு தள்ளித்தள்ளிப் போடப்பட்டு, 2004இல் சட்டமே திருத்தப்பட்டது. 2005இல் தனியார் முதலீட்டு நிதியங்கள் இன்டெல்சாட்டை வாங்கின. கடனும் சேர்ந்து ஏறியது. 2006இல் அது பான்ஆம்சாட்டை 320 கோடி டாலருக்கு விழுங்கியது. அதைப் பார்க்க அன்செல்மோ இல்லை, 1995இலேயே இறந்துவிட்டார். அதே 2006இல் நியூ ஸ்கைஸை லக்சம்பர்க்கின் எஸ்இஎஸ் வாங்கியது. 2020 மே மாதம் இன்டெல்சாட் திவால் பாதுகாப்புக் கோரியது. 2025 ஜூலையில் அதையும் எஸ்இஎஸ் வாங்கி முடித்தது. ஏகபோகம், அதிலிருந்து வெட்டிய துண்டு, அதை எதிர்த்த கலகக்காரர் மூவரும் இப்போது ஒரே கூரையின் கீழ். அந்த எஸ்இஎஸ்ஸில் மூன்றில் ஒரு பங்கு வாக்குரிமை லக்சம்பர்க் அரசின் கையில்.

கட்டணம் குறைந்தது உண்மை. சேனல்கள் பெருகியதும் உண்மை. ஆனால் கூட்டுச் சொத்தாக இருந்த சுற்றுப்பாதை இடங்களின் பதிவுகள் தனியார்மயத்தோடு பெரும்பாலும் அமெரிக்காவின் பொறுப்புக்குப் போயின. ஏழைப் பாதைகளைக் கவனிக்க ஐடிஎஸ்ஓ என்ற சிறிய அரசு அமைப்பு மிஞ்சியது. செயற்கைக்கோள் ஒன்றுகூட அதனிடம் இல்லை.

இந்தியா இந்த அனுபவத்தைத் தன் போக்கில் படித்திருக்கிறது. 2002இல் விஎஸ்என்எல்லை டாடாவுக்கு விற்றது. 2020இல் தனியார் விண்வெளித் தொழிலுக்கு அனுமதி தரும் இன்-ஸ்பேஸ் அமைப்பை உருவாக்கியது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில், செயற்கைக்கோள் அலைக்கற்றையை ஏலம் விடாமல் நிர்வாக முறையில் ஒதுக்க வழிசெய்தது. செல்போன் நிறுவனங்கள் முணுமுணுத்தன: நாங்கள் ஏலத்தில் கோடிகளைக் கொட்டினோம், அவர்களுக்கு மட்டும் நேர்வழியா? ஒரே அலைவரிசையைப் பல செயற்கைக்கோள்கள் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதால் ஏலம் இங்கே பொருந்தாது என்ற அரசின் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஸ்டார்லிங்க்குக்கு 2025 ஜூனில் சேவை உரிமம் கிடைத்தது.

விலைக்கு வந்தபோதுதான் பழைய இன்டெல்சாட்டின் யோசனை வேறு உடையில் திரும்பியது. 2025 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தந்த பரிந்துரைப்படி, நிறுவனங்கள் வருவாயில் 4 சதவீதம் கட்ட வேண்டும். தாழ்வட்டச் செயற்கைக்கோள் இணையம் தருபவர்கள், நகரத்து வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். கிராமத்து வாடிக்கையாளருக்கு அந்த 500 ரூபாய் கிடையாது.