காற்று போனாலும் கழலாத டயர்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்து டிராக் சைக்கிள் வீரர் ஹாரி லாவ்ரெய்சன் 200 மீட்டரை 9.088 வினாடியில் கடந்தார். மணிக்கு ஏறக்குறைய 79 கிலோமீட்டர் வேகம். 40 பாகைக்கு மேல் சாய்ந்த மரத்தள வளைவில் இந்த வேகத்தில் திரும்பும்போது, வீரரின் எடையைப்போல் இரு மடங்குக்கும் கூடுதலான விசை சக்கரங்களை அழுத்தும். அந்தச் சைக்கிளில் பிரேக் கிடையாது. பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். அங்கே ஒரு டயர் பஞ்சரானால்?

நாம் ஓட்டும் சைக்கிளில் டயரின் ஓரக்கம்பி ரிம்முக்குள் அமர்ந்திருக்கிறது. காற்று இறங்கினால் டயர் விலகி, வெறும் ரிம் தரையில் வழுக்கக்கூடும். டிராக் பந்தயத்தில் நெடுங்காலமாக ஓடுவது டியூபுலர் டயர். டியூபைத் துணிக்கூட்டுக்குள் வைத்து, அடிப்பக்கம் தைத்து, தையலை மூடிப் பட்டைநாடா ஒட்டியிருப்பார்கள். ரிம்மில் விளிம்போ கொக்கியோ இல்லை, ஆழமற்ற பள்ளம் மட்டும்தான். அதில் டயரைப் பசை போட்டு ஒட்ட வேண்டும்.

காற்றும் இதில் கைகொடுக்கிறது. டயர்த்துணியின் இழைகள் சுமார் 45 பாகையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. காய்கறிக்கடை வலைப்பையை அகலவாக்கில் இழுத்தால் நீளம் சுருங்குமே, அதேபோல் காற்றடிக்கும்போது டயர் பருத்து, அதன் சுற்றளவு சற்றே குறைந்து ரிம்மை இறுக்குகிறது. பஞ்சரானால் இந்த இறுக்கம் போய்விடும். வீரர் சரிவிலிருந்து இறங்கிச் சேரும்வரை டயரைப் பிடித்து வைத்திருப்பது பசை மட்டுமே.

ஒட்டினால் போதும் என்று விட்டுவிட முடியாது. சாலைப் பந்தயத்துக்கான பசை காய்ந்த பிறகும் பிசுபிசுப்பாகவே இருக்கும். சக்கரம் உருளும்போது அந்த மெல்லிய படலம் நெளிகிறது. வீரர் மிதித்துச் சேர்த்த ஆற்றலில் ஒரு பங்கு அந்த நெளிவில் வெப்பமாக வீணாகிறது. நெடுநாள் ஓடிய அலுமினிய ரிம்மிலிருந்து டயரைப் பிரித்தால் பட்டைநாடாவில் சாம்பல் கறை தெரியும். டயர் நெளிந்து நெளிந்து உலோகத்தையே தேய்த்ததன் தடயம் அது. இதை விளக்கிச் சொன்னவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட்.

அதனால் டிராக் மெக்கானிக்குகள் ஷெல்லாக்கைக் கையிலெடுத்தார்கள். புரசு, இலந்தை மரக்கிளைகளில் அரக்குப்பூச்சிகள் சுரக்கும் பிசினைச் சுத்திகரித்துக் கிடைப்பது இது. இந்தியாவில் ஜார்க்கண்ட்தான் இதற்குப் பேர்போன இடம். சாராயக் கரைசலாக ரிம்மில் பூசினால் சாராயம் ஆவியாகி, பிசின் கெட்டியாக இறுகும். நெளிவுக்கு இடம் தராது. ஆனால் சூட்டில் இளகும், அதிர்ச்சியில் விரிசல் விடும், ஈரமும் ஆகாது. மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் கட்டை ரிம்மைச் சுட வைக்கும் என்பதால் அங்கே இது உதவாது. இறக்கத்தில் டயர் கழன்றால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2003 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் கேப் நகரை நோக்கி இறங்கிய வீரர் ஹோசேபா பெலோகியின் பின்சக்கரம், வெயிலில் இளகிய தார்ச்சாலையில் வழுக்கியது. டயர் ரிம்மைவிட்டுக் கழன்றது; அவருடைய தொடையெலும்பு முறிந்தது. கூரைக்குக் கீழே உள்ள டிராக்கில் பிரேக்கும் இல்லை, மழையும் இல்லை, குழியும் இல்லை. ஷெல்லாக்கின் பலவீனங்கள் அங்கே பெரிதாக வெளிப்படுவதில்லை.

இன்று சாலைப் பசையையே டிராக்கிலும் பூசுகிறவர்கள் உண்டு. எந்தப் பசை என்பதைவிட எப்படிப் பூசினார்கள் என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். முதலில் பசையில்லாமல் டயரை ரிம்மில் மாட்டிக் காற்றடித்து, ஒரு நாளாவது நீள விட வேண்டும். ரிம்மில் விரலின் எண்ணெய்ப்பசைகூட இல்லாமல் துடைக்க வேண்டும். பிறகு ரிம்மிலும் பட்டைநாடாவிலும் மெல்லிய பூச்சு. நன்றாகக் காய்ந்ததும் அடுத்தது. தடிமனாக ஒரே தடவை பூசினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். கடைசிப் பூச்சின் ஈரம் போகும்முன், வால்வுத் துளையில் தொடங்கி இரு கைகளாலும் டயரைக் கீழ்நோக்கி இழுத்தபடியே எதிர்முனை வரை உட்கார வைத்து, நேராக்கிக் காற்றடிக்க வேண்டும். அவசரக்காரர்கள் தவறுவது ரிம்மின் இரு ஓரங்களில்தான்: நடுவில் பசை தாராளமாக இருக்கும், ஓரம் வறண்டு கிடக்கும். வளைவில் டயர் புரளத் தொடங்குவதோ அந்த ஓரத்திலிருந்து.

மறுநாள் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, இரு கட்டைவிரல்களாலும் டயரைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பார்ப்பார்கள். சக்கரம் முழுதும் சுற்றிவந்து, மறுபுறமும் அதே சோதனை. வால்வுக்கு அருகில் டயர் சற்றுத் தூக்கி நிற்கும் என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும். எங்காவது நாடாவுக்கும் ரிம்முக்கும் இடையில் கீற்றாக இடைவெளி தெரிந்தால் அந்தச் சக்கரம் டிராக்குக்குப் போகாது. டயரைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து ஒட்டுவார்கள்.