கருவி பிடிக்கும் என்று கையை விடலாமா?

பாறை ஏறுகிறவரின் உயிர் கீழே நிற்கும் இன்னொருவரின் கையில் இருக்கிறது. ஏறுகிறவரின் இடுப்பு ஹார்னஸில் முடிச்சிட்ட கயிறு, கீழே நிற்பவரின் ஹார்னஸில் மாட்டிய ஒரு சிறு கருவியின் வழியாக ஓடுகிறது. மேலே கால் வழுக்கினால், அந்தக் கயிற்றை ஓடவிடாமல் நிறுத்த வேண்டியது கீழே நிற்பவர். இந்தப் பொறுப்பைத்தான் பிலே என்கிறார்கள். 1991ல் பிரான்சின் பெட்சல் நிறுவனம் கிரிகிரி என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கயிறு திடீரென்று இழுபட்டால் அதைக் கவ்விப் பிடிக்கும் கருவி அது. இன்று பல நிறுவனங்கள் இந்த வகைக் கருவிகளைச் செய்கின்றன. நம் நாட்டின் செயற்கை ஏறுசுவர்களிலும் கர்நாடகத்தின் பாதாமிப் பாறைகளிலும் அவை புழங்குகின்றன. கூடவே ஒரு ஆபத்தான நம்பிக்கையும் பரவியிருக்கிறது: கருவியே பிடித்துக்கொள்ளும், கை எதற்கு? இந்த நம்பிக்கை உயிரைப் பறிக்கக்கூடியது. விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும் வழக்கையும் அது பலவீனமாக்கும். அதே சமயம், கையை விடக்கூடாது என்று சொல்லிக் கொடுக்க வேண்டிய கடமை விற்பவருக்கும் ஏறுசுவர் நடத்துபவருக்கும் இருக்கிறது.

முதலில் கருவி வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். கிரிகிரிக்குள் சுழலக்கூடிய ஒரு கேம் இருக்கிறது. கயிறு அதைச் சுற்றிச் செல்கிறது. கயிறு மெதுவாக நகரும்போது கேம் அசையாது. வேகமாக இழுபட்டால் அது சுழன்று கயிற்றை உலோகத் தகட்டோடு நெரிக்கிறது. கேம் சுழல்வதற்கு ஏறுகிறவர் பக்கத்து இழுப்பு மட்டும் சில சமயம் போதாது; மறுபக்கத்தில் கயிற்றைக் கை பிடித்திருக்கும் சிறு எதிர்ப்பும் தேவைப்படும். கயிறு மெல்லியதாகவோ, புதிதாக வழவழப்பாகவோ, ஈரமாகவோ இருந்தால், அல்லது விழுதல் மெதுவாகத் தொடங்கினால், அந்த எதிர்ப்பு இல்லாமல் கேம் பூட்டாமலே போகலாம். இவற்றுக்கான ஐரோப்பியத் தரநிலையான இஎன் 15151ன் முதல் பகுதியே இவற்றைக் கையின் துணையோடு பூட்டும் கருவிகள் என்றுதான் வகைப்படுத்துகிறது. தயாரிப்பாளரின் கையேடும் பிரேக் பக்கக் கயிற்றை, அதாவது கை பிடிக்கும் பக்கத்துக் கயிற்றை, எப்போதும் பிடித்திருக்கச் சொல்கிறது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழுகிறவர் தரையைத் தொட ஏறத்தாழ 1.4 விநாடிதான் ஆகும். அப்போது வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர். விட்ட கயிற்றைத் தேடிப் பிடிக்க அந்த நேரம் போதாது.

இந்தக் கருவிகளோடு நேரும் விபத்துகளுக்குப் பெரும்பாலும் தெரிந்த சில காரணங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. கயிற்றைத் தலைகீழாக மாட்டினால் கேம் பூட்டாது. அதனால்தான் எந்தப் பக்கம் ஏறுகிறவர், எந்தப் பக்கம் கை என்று கருவியின் மேலேயே படம் பொறித்திருக்கிறார்கள். கயிற்றைப் பாதுகாப்புப் புள்ளிகளில் மாட்டியபடியே முன்னணியில் ஏறுகிறவருக்கு வேகமாகக் கயிறு கொடுக்கும்போது, கருவியை முழுக் கையாலும் பொத்திப் பிடித்துக் கேமைச் சுழல விடாமல் தடுப்பது இன்னொரு தவறு. சரியான முறையில் ஆள்காட்டி விரல் கருவியின் விளிம்புக்கு அடியில் நிற்கும், கட்டைவிரல் ஒரு நொடி மட்டும் கேமை அழுத்தும், மற்ற மூன்று விரல்களும் பிரேக் கயிற்றை விடவே விடா. கயிறு கொடுத்ததும் கை உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். ஏறியவரை இறக்கும்போது, கவ்வலைத் தளர்த்தும் லீவரைப் பதற்றத்தில் முழுதாக இழுத்துவிட்டால் கவ்வல் விலகி, அவர் சரசரவென்று இறங்குவார். சில மாதிரிகளில் இதைத் தடுக்கும் ஏற்பாடு உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. கயிறு நீளம் போதாமல் அதன் நுனி கருவியைக் கடந்து வெளியேறிவிட்டால் எந்தக் கருவியாலும் பயனில்லை; நுனியில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தால் உயிர் தப்பும்.

அப்படியானால் கயிற்றைத் தானே கவ்வாத பழைய எளிய குழாய் வகைக் கருவியே மேல், புதியது சோம்பலைத்தான் வளர்க்கிறது என்று அனுபவசாலிகள் சிலர் வாதிடுவார்கள். அதில் பாதி உண்மை உண்டு. கவ்விப் பிடிக்கும் கருவி சட்டென்று நிறுத்துவதால் பாறையில் பொருத்திய பாதுகாப்புப் புள்ளிகள் மீது கூடுதல் விசை விழலாம். அந்தப் புள்ளிகள் நம்பத்தகாத இடங்களில் குழாய் வகையைத் தேர்வதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் உறுதியான போல்ட்கள் உள்ள ஏறுசுவரில் கணக்கு வேறு. சுவரில் மோதிப் பிலே செய்பவர் ஒரு கணம் பிடியை இழந்தால், குழாய் வகையில் கயிறு ஓடிவிடும். கவ்வும் கருவி காப்பாற்ற வாய்ப்புண்டு. ஏறுசுவர் விபத்துகளைத் தொடர்ந்து ஆராயும் ஜெர்மன் அல்பைன் சங்கமும் உள்ளரங்கச் சுவர்களுக்கு இந்த வகையைத்தான் பரிந்துரைக்கிறது. சீட் பெல்ட் போட்டவர் ஸ்டீயரிங்கை விட்டுவிடுவதில்லை. கருவியும் வேண்டும், கையும் வேண்டும்.

தவறு எப்போதும் பயன்படுத்துபவருடையதும் அல்ல. 2011ல் பெட்சல் நிறுவனமே தன் கிரிகிரி 2 கருவிகளில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. முழுதாக விரிந்த லீவர் மீது அளவுக்கு மீறி அழுத்தினால் உள்பாகம் சேதமடைந்து, லீவர் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும் என்பது குறை. அந்த நிலையில் கவ்வல் இயங்காது. 10326 முதல் 11136 வரையிலான எண்களில் தொடங்கும் வரிசை எண் கொண்டவை அப்படித் திரும்பப் பெறப்பட்டன. பழைய கருவி வாங்குகிறவர்கள் வரிசை எண்ணைப் பார்த்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தியாவில் இத்தகைய குறைகளால் பாதிக்கப்படுகிறவர்களுக்குச் சட்டத் துணை இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளால் நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் பொறுப்பு சுமத்துகிறது. தயாரிப்புக் குறை, வடிவமைப்புக் குறை மட்டுமின்றி, போதிய எச்சரிக்கையும் பயன்பாட்டுக் குறிப்பும் தராததும் தயாரிப்பாளரின் பொறுப்பே என்கிறது 84ஆவது பிரிவு. நம் ஊரில் கிடைக்கும் பிலே கருவிகள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாதபோதும், இந்தியச் சட்டத்துக்கு அவர் கட்டுப்படாதபோதும் விற்றவரே பொறுப்பாவார் என்று 86ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் விபத்து நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால் விற்றவர் மீது வழக்கு நிற்காது என்கிறது 87ஆவது பிரிவு. பிரேக் கயிற்றை விட்டிருந்த கை எதிர்த் தரப்புக்கு வலுவான வாதமாகிவிடும்.

ஏறுசுவரில் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் எல்லா உரிமையையும் பறித்துவிடும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஏறுவதில் இயல்பாகவே உள்ள அபாயத்தை அறிந்து வந்தேன் என்பதற்கு அந்தப் படிவம் சாட்சி. தேய்ந்த கருவியைக் கொடுத்ததற்கும், பயிற்சி பெறாதவரைப் பிலே செய்ய நிறுத்தியதற்கும் அது மன்னிப்புச் சீட்டு ஆகாது. கட்டணம் வாங்கிய சேவையில் அலட்சியம் சேவைக் குறைபாடுதான். கட்டணமே இல்லாத சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பதால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விபத்து நடந்தால் கருவியையும் கயிற்றையும் அப்படியே எடுத்து வையுங்கள். கயிறு மாட்டிய நிலையைப் படம் பிடியுங்கள். வரிசை எண், மருத்துவ ஆவணம், பார்த்தவர்களின் வாக்குமூலம் எல்லாவற்றையும் சேருங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

ஆனால் எந்த இழப்பீடும் உடைந்த முதுகெலும்பை ஒட்டவைக்காது. ஆகவே ஏறுசுவருக்குப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: இந்தக் கருவியின் கையேடு எங்கே, கயிற்றின் தடிமன் கருவிக்குப் பொருந்துமா, கடைசியாக எப்போது சோதித்தீர்கள், பிலே செய்பவரைப் பழக்கியது யார்? ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன் இருவரும் ஒருவர் முடிச்சையும் காரபினர் கொக்கியையும் மற்றவர் பாருங்கள். ஏறுகிறவர் பக்கக் கயிற்றைச் சுண்டி இழுத்துக் கருவி பூட்டுகிறதா என்று சோதியுங்கள். இதற்கு அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தைத் தர மறுக்கும் சுவரில் ஏறாமல் திரும்பிவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு.