துவக்கச் சாதனமாகப் பென் டிரைவ்: எவ்வளவு நம்பலாம்?

பெங்களூரிலிருந்து ஒசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியை அடுத்து வருவது ஹெப்பகோடி. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் ஒரு காலத்தில் வயலும் தோப்பும் சூழ்ந்த கிராமமாக இருந்தது. 1978ஆம் ஆண்டில் கர்நாடக அரசின் மின்னணு வளர்ச்சி நிறுவனமான கியோனிக்ஸ், அருகிலுள்ள கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய ஊர்களில் மின்னணுத் தொழில் நகரை அமைக்க முற்பட்டது. அதன் பின் இப்பகுதியின் தோற்றமே மாறிவிட்டது. 2025 ஆகஸ்டு மாதம் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டபோது, ஹெப்பகோடியும் அத்தடத்தின் நிலையங்களுள் ஒன்றாயிற்று.

கணிப்பொறித் துறையினர் செறிந்து வாழும் இத்தகைய புறநகர்களில், அலுவலகங்களுக்கே உரியதாக இருந்த ஓர் ஏற்பாடு இப்போது வீடுகளுக்குள்ளும் நுழைந்துள்ளது. பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றில் இரண்டு மூன்று ஹார்டு டிஸ்க்குகளைப் பொருத்தி, அதை இரவு பகலாக ஓடவிடுகின்றனர். குடும்பத்தின் புகைப்படங்கள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், வரிக் கணக்குகள், கண்காணிப்புக் காமிராவின் பதிவுகள் ஆகியவை அதில் சேமிக்கப்படுகின்றன. வீட்டிலுள்ள மற்றக் கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் அதிலிருந்து அவற்றைப் பெறுகின்றன. இவ்வாறு பிற கருவிகளுக்குப் பணி செய்யும் கணிப்பொறியே சர்வர் அல்லது வழங்கி எனப்படுகிறது. பள்ளிகளிலும் சிறு கூட்டுறவுச் சங்கங்களிலும் சிறு அலுவலகங்களிலும்கூட இம்முறையைக் கையாளலாம். செலவு குறைவு என்பதே காரணம்.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. ஹார்டு டிஸ்க்குகளைப் பொருத்தும் இடங்கள் அனைத்தையும் தரவுகளுக்கே விட்டுவிட்டு, கணிப்பொறியைத் துவக்கும் இயக்க முறைமையை மட்டும் ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாமா? விலையோ சில நூறு ரூபாய். பெங்களூர் எஸ்.பி. சாலையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் குவியல் குவியலாகக் கிடைக்கிறது. பலர் அவ்வாறே செய்கின்றனர். அவர்களுள் சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. சிலருக்குச் சில மாதங்களிலேயே கைவிட்டுவிடுகிறது. ஒரே பொருள் இருவேறு விதமாக நடந்துகொள்வது ஏன் என்பதை அறிய, அதனுள் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும்.

நினைவகத்தின் இயல்பு

பென் டிரைவின் இதயம் ஃபிளாஷ் நினைவகமாகும். ஜப்பானியப் பொறியியலாளர் ஃபுஜியோ மசுவோகா தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றியபோது 1980களில் இதனை உருவாக்கினார். இன்று பெருவழக்கிலுள்ள நேண்ட் வகை 1987இல் அறிவிக்கப்பட்டது. அதைக் கணிப்பொறியுடன் இணைக்கும் யு.எஸ்.பி. முறையின் முதல் வரையறை 1996இல் வெளியாயிற்று. அதனை வகுத்த இன்டெல் குழுவுக்குத் தலைமை வகித்தவர் பரோடா பல்கலைக்கழகத்தில் பயின்ற அஜய் பட். இவ்விரண்டும் இணைந்த சிறு கருவி 2000ஆம் ஆண்டில் கடைகளுக்கு வந்தபோது அதன் கொள்ளளவு 8 மெகாபைட் மட்டுமே.

இந்நினைவகத்தில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையைச் சுற்றிலும் மிக மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டு. உயர்ந்த மின்னழுத்தத்தைச் செலுத்தி எலெக்ட்ரான்களை அப்படலத்தின் வழியே உள்ளே புகுத்துவதே எழுதுதல், வெளியேற்றுவதே அழித்தல். உள்ளே சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் மின்சாரம் நின்ற பின்னும் அங்கேயே தங்குகின்றன. ஆனால், ஒவ்வொரு முறை அவை ஊடுருவும்போதும் படலம் சிறிது சேதமடைகிறது. ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு நிகழ்ந்தபின் படலம் கசியத் தொடங்குகிறது. அறை தன் செய்தியைக் காத்து நிற்கும் ஆற்றலை இழக்கிறது.

ஓர் அறையில் ஒரே ஒரு பிட்டைச் சேமித்த பழைய வகை, ஏறத்தாழ ஒரு லட்சம் முறை எழுதி அழிப்பதைத் தாங்கியது. விலையைக் குறைக்கவும் கொள்ளளவைப் பெருக்கவும் ஓர் அறையில் இரண்டு, மூன்று, நான்கு பிட்டுகள் வரை நெருக்கிவைக்கும் முறை வந்தது. மூன்று பிட் வகை தாங்குவது பொதுவாக ஆயிரம் முதல் மூவாயிரம் முறை. நான்கு பிட் வகையின் ஆயுள் அதனினும் குறைவு. இன்று மலிவாகக் கிடைக்கும் பென் டிரைவ்களில் எவ்வகை நினைவகம் உள்ளது என்பது உறையின்மீது குறிக்கப்படுவதே இல்லை. வாங்குபவர் 64 கிகாபைட் என்ற எண்ணை மட்டுமே காண்கிறார்.

மற்றொரு இயல்பும் உண்டு. ஃபிளாஷ் நினைவகத்தில் சிறுசிறு பக்கங்களாக எழுதலாம். ஆனால் அழிப்பதென்றால் பல பக்கங்களைக் கொண்ட ஒரு தொகுதி முழுவதையும் சேர்த்தே அழிக்க வேண்டும். ஆகவே ஒரு வரியை மாற்றுவதற்காகச் சில வேளைகளில் ஒரு தொகுதி முழுவதையும் வேறிடத்தில் திரும்ப எழுத நேர்கிறது. கணக்குப் பேரேட்டில் ஓர் எண்ணைத் திருத்துவதற்காகப் பேரேடு முழுவதையும் படியெடுப்பதைப் போன்றது இது.

ஒரு சிறு கணக்கு

இயக்க முறைமை தன் பணிகளை இடைவிடாது ஒரு நாட்குறிப்பில் பதிந்துவருகிறது. இதனை ‘லாக்’ என்பர். பத்து விநாடிக்கு ஒரு முறை ஒரு வரி எழுதப்படுவதாக வைத்துக்கொள்வோம்; நாளொன்றுக்கு 8,640 வரிகள். எழுத்தின் அளவு மிகச் சொற்பம். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மெகாபைட் அளவுள்ள தொகுதி ஒன்று மாற்றி எழுதப்படுமானால், நாள்தோறும் எழுதப்படுவது ஏறத்தாழ 8.6 கிகாபைட் ஆகிவிடும். 8 கிகாபைட் கொள்ளளவுள்ள பென் டிரைவ் தினமும் ஒரு முறை முழுமையாக எழுதி அழிக்கப்படுவதற்கு இது ஒப்பாகும். ஆயிரம் முறை தாங்கும் நினைவகம் மூன்றாண்டுக்கும் குறைவாகவே நீடிக்கும்.

இக்கணக்கு, தேய்மானம் எல்லாத் தொகுதிகளின்மீதும் சமமாகப் பரவுகிறது என்ற அனுமானத்தில் அமைந்தது. அவ்வாறு பரப்புவது உள்ளேயிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லின் வேலை. அது தன் வேலையைச் செய்யாமல் ஒரே தொகுதியையே மீண்டும் மீண்டும் அழிக்குமானால், ஆயிரம் முறை என்பது மூன்று மணி நேரத்திற்குள் தீர்ந்துவிடும். நடைமுறையில் உள்ள சாதனங்கள் இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் எங்கோ நிற்கின்றன. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டிலும் இதே ஃபிளாஷ் நினைவகந்தான் உள்ளது; எனினும் அது நீடித்து உழைப்பதற்குக் காரணம், திறமையான கட்டுப்பாட்டுச் சில்லும், தேய்ந்த தொகுதிகளுக்கு ஈடாக வைக்கப்பட்டுள்ள உபரித் தொகுதிகளும், தன் உடல்நிலையைத் தானே அறிவிக்கும் வசதியுமாகும். பென் டிரைவில் விலைக் குறைப்பிற்காக முதலில் கைவிடப்படுபவை இவையே. படங்களையும் கடிதங்களையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்வதற்காகச் செய்யப்பட்ட பொருளிடம் இவற்றை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

இது வீட்டுச் சர்வருக்கு மட்டும் உரிய இடர்ப்பாடு என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,35,000 மோட்டார் கார்களைப் பழுது நீக்கத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அவற்றின் முகப்புத் திரையை இயக்கிய கணிப்பொறியில் 8 கிகாபைட் ஃபிளாஷ் நினைவகம் இருந்தது. ஓயாது நிகழ்ந்த பதிவுகளால் அது சில ஆண்டுகளில் தேய்ந்துபோனது. பின்புறக் காமிராவின் காட்சி உள்ளிட்ட வசதிகள் நின்றன. காரின் மற்றப் பாகங்கள் நல்ல நிலையில் இருந்தபோது, அதன் விலையில் மிகச் சிறு பங்கான ஒரு சில்லு முதலில் வீழ்ந்தது.

யார் எழுதுகிறார்கள்?

ஆக, பென் டிரைவ் நம்பத்தக்கதா என்ற கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டியுள்ளது: துவக்கிய பின் இயக்க முறைமை அதில் எழுதுகிறதா? வீட்டுச் சர்வர்களுக்கென உள்ள இயக்க முறைமைகளின் வரலாறே இதற்கு விடை தருகிறது.

அன்ரெய்டு என்னும் இயக்க முறைமை நெடுங்காலமாகப் பென் டிரைவிலிருந்தே துவக்கப்பட்டு வந்துள்ளது. கணிப்பொறி எழுந்ததும் அது தன்னை முழுவதும் முதன்மை நினைவகத்திற்கு நகலெடுத்துக்கொண்டு அங்கிருந்தே இயங்குகிறது. அமைப்புக் குறிப்புகளை மாற்றும்போது மட்டுமே பென் டிரைவில் எழுதுகிறது. இம்முறையில் நல்ல பென் டிரைவ் பல ஆண்டுகள் உழைப்பது வியப்பன்று.

ஃப்ரீநாஸ் என்ற பெயரில் தொடங்கி இன்று ட்ரூநாஸ் என வழங்கும் இயக்க முறைமையும் முன்பு பென் டிரைவையே துணையாகக் கொண்டிருந்தது. 2014இன் இறுதியில் வந்த அதன் 9.3 பதிப்பு, துவக்கச் சாதனத்திலும் இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறையைப் புகுத்தியது. பாதுகாப்பும் வசதியும் கூடின. கூடவே எழுத்தும் கூடிற்று. காலப்போக்கில் அதன் தயாரிப்பாளர்களே பென் டிரைவைத் தவிர்த்து எஸ்.எஸ்.டி.யைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தலாயினர். வி.எம்.வேர் நிறுவனத்தின் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. மென்பொருளும் இதே வழியில் சென்றது. 2020இல் வந்த 7.0 பதிப்பு துவக்கச் சாதனத்தில் அடிக்கடி எழுதத் தொடங்கியது. நினைவக அட்டைகளும் பென் டிரைவ்களும் பழுதாகும் புகார்கள் எழுந்தன. 2021இல் அவற்றை மட்டும் நம்பித் துவக்கும் முறையைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. பென் டிரைவ் மாறவில்லை. அதன்மேல் ஏற்றப்பட்ட சுமை மாறியது.

உபுண்டு, டெபியன் போன்ற பொதுப் பயன்பாட்டு லினக்ஸ் முறைமைகளை வழக்கமான முறையில் பென் டிரைவில் நிறுவுவதே மிகுந்த ஆபத்துக்குரியது. அவை நாட்குறிப்பையும் தற்காலிகக் கோப்புகளையும் இடமாற்று நினைவகத்தையும் ஓயாமல் எழுதும் இயல்பினை உடையவை.

மின்தடையும் மறைந்திருக்கும் பழுதும்

நம் நாட்டுச் சூழலில் மின்தடையையும் கருத வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றால், எந்தச் செய்தி எந்தத் தொகுதியில் உள்ளது என்ற உள் அட்டவணையே குலைந்துபோகக் கூடும். அறைகள் தேயாத புதிய பென் டிரைவ்கூட இவ்வாறு ஒரே நொடியில் பயனற்றதாகிவிடலாம். வீட்டு இன்வெர்ட்டர் மின்விளக்கிற்கும் விசிறிக்கும் போதும். அது மாறிக்கொள்ளும் இடைவெளியில் கணிப்பொறி அணைந்து எழுவதுண்டு. ஆதலால் சர்வருக்குத் தனியே ஒரு யு.பி.எஸ். அவசியம். வெப்பமும் ஒரு பகைதான். பரணின்மேல் காற்றோட்டமின்றி வைக்கப்பட்ட கணிப்பொறியில், தேய்ந்த அறைகளின் மின்னேற்றம் விரைவாகக் கசிகிறது.

இவை எல்லாவற்றிலும் வஞ்சகமானது பழுது வெளிப்படும் நேரம். நினைவகத்திற்கு ஏறிவிட்ட இயக்க முறைமை பென் டிரைவ் இறந்த பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். கோப்புகள் திறக்கும், படங்கள் தெரியும், எவருக்கும் ஐயம் தோன்றாது. பல மாதங்கள் கழித்து ஒரு கோடை மழை இரவில் மின்சாரம் நின்று திரும்பும்போதுதான் கணிப்பொறி எழ மறுக்கும். அன்று பழுதானதாகவே அனைவரும் கருதுவர். மூன்று மாதத்திற்கு ஒரு முறையேனும், ஆள் அருகிலிருக்கும் பகல் வேளையில், திட்டமிட்டுக் கணிப்பொறியை நிறுத்தித் துவக்கிப் பார்ப்பது நல்லது.

துவக்கும் வழி ஒன்றே ஒன்றாக இருப்பதன் ஆபத்தை வேறொரு நிகழ்ச்சி காட்டுகிறது. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய அமெரிக்காவின் ஸ்பிரிட் ஊர்தி, மூன்று வாரங்களுக்குள் ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தன. அவற்றைத் திறக்க முயன்று ஊர்தியின் கணிப்பொறி மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தது. ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமலே துவங்கும் மாற்று வழி ஒன்று ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்ததால், பூமியிலிருந்து அதற்குக் கட்டளை அனுப்பி ஊர்தியை மீட்க முடிந்தது. பின் அது 2010 வரை உழைத்தது.

வீட்டிற்கோ பள்ளிக்கோ ஏற்ற மாற்று வழி மிக எளியது. துவக்கச் சாதனத்தின் முழு நகல் ஒன்றை மற்றொரு பென் டிரைவில் எடுத்து, தேதி எழுதி, அலமாரியில் வைக்கலாம். அமைப்பை மாற்றும்போதெல்லாம் அமைப்புக் குறிப்புக் கோப்பையும் வேறிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். தரவுகள் ஹார்டு டிஸ்க்குகளில் இருப்பதால், பென் டிரைவ் இறந்தாலும் அவை அழிவதில்லை. எனினும் அவ்வட்டுகள் மறைகுறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்து, அதன் திறவுகோல் பென் டிரைவில் மட்டுமே இருந்தால், நிலைமை வேறு: சில நூறு ரூபாய்ப் பொருளுடன் பத்தாண்டுப் புகைப்படங்களும் போய்விடும். திறவுகோலின் நகலை வேறிடத்தில் வைக்காமல் வட்டுகளைப் பூட்டுவது கூடாது.

இயக்க முறைமை அடிக்கடி எழுதும் வகையினதாயின், சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்குவதே சிக்கனம். உள்ளே இடமில்லையேல், யு.எஸ்.பி. இணைப்பி வழியாகவும் அதைப் பொருத்தலாம். பென் டிரைவைத்தான் பயன்படுத்துவது என்று முடிவு செய்தால், நாட்குறிப்பை முதன்மை நினைவகத்திற்கோ ஹார்டு டிஸ்க்கிற்கோ மாற்றிவிட்டு, இடமாற்று நினைவகத்தையும் அதிலிருந்து நீக்கிவிட வேண்டும். வாங்கியவுடன் அதன் முழுக் கொள்ளளவிலும் எழுதிப் படித்துச் சோதிப்பதும் தேவை. 64 கிகாபைட் என்று சொல்லிக்கொண்டு உள்ளே 8 கிகாபைட் மட்டுமே கொண்ட போலிகள் சந்தையில் உலவுகின்றன.

தேய்ந்த பென் டிரைவ் பல வேளைகளில் படிக்க மட்டும் இடந்தந்து, எழுதவும் அழிக்கவும் மறுக்கும் நிலைக்குச் சென்றுவிடுகிறது. அதிலுள்ள கடவுச்சொற்களையும் கணக்குக் குறிப்புகளையும் அப்போது அழிக்க இயலாது. குப்பையில் எறிவதற்கு முன் உள்ளிருக்கும் சில்லை உடைத்துவிட்டு, எஞ்சியதை மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.