மூன்று நாள் கடையை மறப்போம்! பிள்ளைகளோடு ஏற்காடு செல்வோருக்குச் சில யோசனைகள்



காலையில் கடை திறந்து, இரவு கல்லாவை எண்ணிப் பூட்டி வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டிருப்பார்கள். ஊருக்கெல்லாம் தீபாவளி, பொங்கல் என்றால் நமக்கு அன்றுதான் வேலை இரட்டிப்பு. மே 5 வணிகர் தினத்தன்று கடை அடைத்தாலும் மாநாட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். அப்படியென்றால் பிள்ளைகளுக்கென்று நாம் ஒதுக்கும் நாள் எது?

இத்தாலி நாட்டில் ஆகஸ்டு 15-ஐ ஒட்டிப் பல கடைக்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கடற்கரைக்கும் மலைக்கும் போய்விடுகிறார்கள். திரும்பி வந்ததும் வாடிக்கையாளர்களும் வழக்கம்போல் வருகிறார்கள். நாம் ஒரு மாதம் பூட்ட வேண்டாம். மூன்று நாள் போதும்.

எங்கள் கடை சேலம் செவ்வாய்ப்பேட்டையில். மளிகை மொத்த வியாபாரம். பெரியவனுக்கு வயது 8, சின்னவனுக்கு 5. சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக எங்களுக்கு இத்தனை வருடம் ஆனது. அதிலும் முதல் பயணத்தில் நாங்கள் செய்த தவறுகளை மறைக்காமல் சொல்கிறோம். மற்றவர்களுக்குப் பயன்படட்டும்.

பட்டியல் போட்ட பயணம்

மே மாதம், கோடை விழா நேரம். இரண்டு நாளில் 11 இடம் என்று கொள்முதல் பட்டியல் போல எழுதி, ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கும் போட்டுவிட்டோம். விடியற்காலையில் எழுப்பி, வயிறு நிறையப் பொங்கல் வடை கொடுத்து வண்டியை ஏற்றினோம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எட்டாவது வளைவிலேயே பெரியவன் வாந்தி எடுத்துவிட்டான். "நேரம் ஆகுதுடா" என்று அவனையே கடிந்துகொண்டோம். படகுத் துறையில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தபோது சின்னவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

பகோடா பாயிண்டில் நின்றபோது கடையிலிருந்து போன். மிளகாய் லோடு வந்திருக்கிறது, எந்தக் கிடங்கில் இறக்குவது என்று கேட்டார்கள். நான்கு அடி தள்ளிப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினால், சின்னவன் பாறை விளிம்பை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறான். முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அவருக்கு நன்றி சொல்லக்கூட எங்களுக்கு நாக்கு எழவில்லை.

அன்றிரவு பெரியவன் கேட்டான்: "அப்பா, நாளைக்கு இன்னும் எத்தனை இடம் பாக்கி?"

கடன்காரர் கணக்குக்குச் சொல்லும் வார்த்தையை உல்லாசப் பயணத்துக்குச் சொல்லிவிட்டான் பிள்ளை. மறுநாள் எங்கும் போகாமல் வீடு திரும்பினோம்.

நாள் பார்த்தல்

அடுத்த முறை செப்டம்பர் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். காலாண்டுத் தேர்வு விடுமுறை. மாதாமாதம் ஜி.எஸ்.டி. படிவம் 3பி தாக்கல் செய்கிறவர்களுக்கு 20-ஆம் தேதியோடு அந்த வேலை முடிந்துவிடும். சம்பளம் வாங்கியவர்கள் சாமான் வாங்க வருவது 1-ஆம் தேதிக்குப் பிறகுதான். இடைப்பட்ட நாட்களில் வியாபாரம் சற்று மந்தம். ஆயுத பூஜை குறுக்கே வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோடை நெரிசலும் அப்போது இருக்காது.

கடைப் பொறுப்பு

தம்பியிடம் சாவியைக் கொடுத்து, எந்தச் சரக்கு வந்தால் எங்கே இறக்குவது, யாருக்கு எவ்வளவு வரை கடன் தரலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். இரவு எட்டு மணிக்கு ஒரே ஒரு போன் என்று பேசி வைத்தோம். மூன்று நாளும் கடை நடந்தது. நாம் இல்லாவிட்டால் கடையே நின்றுவிடும் என்று நினைப்பதெல்லாம் நம் எண்ணம்தான் போலும்!

மலைப்பாதையில்

இந்த முறை பிள்ளைகளுக்கு இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்கவில்லை. வளைவுகளில் பக்கவாட்டில் பார்க்காமல் நேரே சாலையைப் பார்க்கச் சொன்னோம். வளைவுகளை எண்ணும் பொறுப்பைச் சின்னவனிடம் விட்டோம். அகலமான இடம் கிடைத்தபோது இரண்டு தரம் நிறுத்தினோம். மேலே ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் வர வேண்டும். சாலையோரக் குரங்குகளுக்குத் தின்பண்டம் போடக் கூடாது.

காலையில் ஒன்று, மாலையில் முடிந்தால் ஒன்று

கல்லாவில் சில்லறை வைக்காமல் கடை திறப்போமா? பயணத் திட்டத்திலும் அப்படியே நேரச் சில்லறை வேண்டும். காலையில் ஒரே ஓர் இடம். மதியம் சாப்பாடு, தூக்கம். மாலையில் பிள்ளைகள் கேட்டால் மட்டும் இன்னோர் இடம். இதுதான் எங்கள் புதுத் திட்டம்.

முதல் நாள் ஏரிக்குப் போனோம். காலையிலேயே போனதால் கூட்டமில்லை. மிதவைச் சட்டை மாட்டாமல் பிள்ளைகளைப் படகில் ஏற்றக் கூடாது. எதிரே அண்ணா பூங்காவில் விளையாடவிட்டோம். மதியம் மழை பிடித்துக்கொண்டது. பழைய பட்டியலாக இருந்தால் தலையில் கை வைத்திருப்போம். அறையிலேயே பரமபதம் விளையாடினோம். தாயக்கட்டையை உருட்டிவிட்டு அப்பாவை ஜெயித்ததுதான் சின்னவனுக்குப் பெரிய சந்தோஷம்.

இரண்டாம் நாள் ஆர்க்கிட் தோட்டம். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை 1963 முதல் இதை நடத்தி வருகிறது. பூவைவிடப் பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடிதான் பையன்களைக் கவர்ந்தது. சாயங்காலம் காப்பித் தோட்டம் ஒன்றின் ஓரமாக நடந்தோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். நிழல் மரத்தில் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. "நம்ம கடை மிளகு இதானாப்பா?" என்று பெரியவன் பச்சைச் சரத்தைத் தொட்டுப் பார்த்தான். தினமும் மூட்டையில் பார்த்த சரக்கு கொடியில் விளைவதை அன்றுதான் கண்டான். வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

மூன்றாம் நாள் லேடீஸ் சீட். கீழே சேலம் நகரம் பரந்து கிடந்தது. இம்முறை ஆளுக்கொரு பிள்ளையின் கையைப் பிடித்திருந்தோம். போனை அறையிலேயே வைத்துவிட்டோம்.

கிளியூர் அருவிக்குச் செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும். ஏரி நிரம்பி வழிந்தால்தான் அங்கே நீர் நன்றாக விழும். கோடையில் வறண்டு கிடக்கலாம். விடுதியில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. சின்னவன் கால் தாங்காது என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

செலவும் கையிருப்பும்

மொத்தச் செலவுக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் கையில் வைத்திருந்தோம். ஒரு நாள் கூடத் தங்கவோ, பாதியில் திரும்பவோ அது உதவும். அறையை ஒரே இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு விடுதி என்றால் மூட்டை கட்டுவதிலேயே பொழுது போய்விடும். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பது நமக்குக் கடையிலேயே தெரிந்ததுதானே! தண்ணீர் பாட்டிலும் துணிப்பையும் வீட்டிலிருந்தே கொண்டு போகலாம்.

பாக்கி

சேர்வராயன் கோயிலுக்கு நாங்கள் போகவில்லை. 5,326 அடி உயரத்தில், குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கும் சந்நிதி. அன்று பனிமூட்டம் அதிகம், பாதை சரியாகத் தெரியவில்லை. திரும்பிவிட்டோம்.

இறங்கும் வழியில் பெரியவன் சொன்னான்: "அப்பா, குகைக் கோயில் பாக்கி இருக்கு. அடுத்த தடவை வரணும்."

"வரலாம் கண்ணு" என்றோம். இந்தப் பாக்கியை எழுதி வைத்திருக்கிறோம். தள்ளுபடி செய்ய மாட்டோம்.

நண்பர்களே, நம் பிள்ளைகள் நம்மோடு வருவதற்கு ஆசைப்படும் வயது சில ஆண்டுகள்தான். அந்தச் சரக்கை இருப்பு வைக்க முடியாது. இந்த ஆண்டுக் காலண்டரில் மூன்று நாளை இன்றே குறித்துவிடுங்கள்.